வெட்டிக்கலன்னா எல்லாம் இணைகோடு ஆயிராது: புதுசா படிக்கவங்களுக்கு மூணு வகைக் கோடு

எங்கிட்ட டியூசனுக்கு வார பத்தாங்கிளாஸ் பிள்ளை ஒருத்திட்ட போன மாசம் ஒரு கேள்வி கேட்டேன். நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துல பஸ்ஸு போவுதுல்லா, அதுக்கு அடியில ரயிலு போவுது, ரெண்டும் எங்கயும் முட்டிக்கிடல, அப்ப அந்த ரோடும் தண்டவாளமும் இணைகோடாம்மான்னு. அவ யோசிக்கவே இல்ல, "ஆமா, வெட்டிக்காத கோடு இணைகோடு"ன்னு பட்டுன்னு சொல்லிட்டா. அவமேல தப்பு சொல்ல முடியாது. ஆறாங்கிளாஸ்ல இருந்து எல்லாரும் அப்படித்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம், பேப்பர்ல கோடு போடுத வரைக்கும் அது ஓடிரும், ப்ளஸ் டூல வெக்டர் வரும்போதுதான் காலை வாரும். இத முதல்லயே சரியாப் புடிச்சுக்கிட்டா பின்னால ஒரு கஷ்டமும் இல்ல, அதுக்குத்தான் இத இவ்வளவு நீளமா எழுதுதேன்.

அந்த மனப்பாட வரியில விட்டுப்போனது ரெண்டே வார்த்தை, "ஒரே தளத்துல". யூக்ளிட் கி.மு. 300 வாக்குல இணைகோட்டுக்கு வரையறை எழுதுனப்பவே, ஒரே தளத்துல இருந்து, ரெண்டு பக்கமும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத நேர்கோடுகள்னுதான் எழுதினாரு, அவரோட முதல் புத்தகத்துல 23-ஆவது வரையறை அது. தளம்னா ஒண்ணும் பெருசு இல்ல, மேடு பள்ளம் இல்லாம எல்லாப் பக்கமும் முடிவில்லாமப் போற ஒரு பரப்பு, உங்க நோட்டுத் தாளு, வீட்டுச் சுவரு, தரை இதெல்லாம் அதுல ஒரு துண்டு. ஒரே தளத்துல இருக்கான்னு எப்படிப் பாக்கதுன்னா, ரெண்டு கோட்டையும் சேத்து ஒரு அட்டைய வளைக்காம வைக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா ஒரே தளம், முடியலன்னா இல்ல. அட்டைய சாய்ச்சு வச்சாலும் கணக்குதான், அத மறந்துராதீங்க, தளம்னா படுக்கையாவோ நட்டமாவோதான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல.

முதல்ல ஒரு தீப்பெட்டி எடுத்து வச்சுக்கோங்க, நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமே இல்ல. அதுக்கு மொத்தம் 12 விளிம்பு. ஏதாவது ஒரு விளிம்புல பேனாவால கோடு போட்டு அதையே பாத்துக்கிட்டு மிச்சம் 11-ஐயும் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாருங்க. 3 விளிம்பு அது போற போக்குலயே போவும், அதெல்லாம் இணை. 4 விளிம்பு அதோட ரெண்டு முனையிலயும் வந்து முட்டும், முனைக்கு ரெண்டு ரெண்டா, அதெல்லாம் செங்குத்து. இன்னும் 4 பாக்கி இருக்கும், அது முட்டவும் செய்யாது, அதே போக்குலயும் போவாது. இந்த நாலுதான் ஸ்க்யூ லைன்ஸ். தமிழ்ப் புத்தகத்துல இதுக்கு "ஒரு தளம் அமையாக் கோடுகள்"னு பேரு, கேக்க நீளமா இருந்தாலும் எனக்கு இந்தப் பேருதான் பிடிக்கும், ஏன்னா எத வச்சுக் கண்டுபிடிக்கணும்னு பேர்லயே இருக்கு. அந்த நாலுல ஒண்ணையும் நீங்க பேனாக்கோடு போட்டதையும் சேத்து ஒரு அட்டைய வைக்கப் பாருங்க, வைக்கவே முடியாது. இத கையால செஞ்சு பாக்காம மேற்கொண்டு படிக்காதீங்க, கண்ணால வாசிச்சா மட்டும் இது மண்டையில நிக்காது.

இப்ப ஜங்ஷன் பாலத்துக்கு வருவோம். ரோடு ஒரு போக்குல போவுது, தண்டவாளம் வேற போக்குல குறுக்க போவுது, ரெண்டுக்கும் இடையில உயரம் இருக்கு. முட்டல, அதுக்காக இணையும் இல்ல, ஒரு தளம் அமையாக் கோடுகள். ஆனா அதே பாலத்துல மேலடுக்கு ரோட்டையும் கீழடுக்கு ரோட்டையும் எடுத்துக்கிட்டா, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஒரே போக்குல போவுது, ரெண்டையும் சேத்து நட்டுக்குத்தலா ஒரு அட்டைய வைக்கலாம், அது கிட்டத்தட்ட இணை. ஒரே எடத்துல நின்னு ரெண்டு வகையையும் பாத்துரலாம், எங்கிட்ட படிக்கிற பிள்ளைங்க எல்லாரையும் அங்கன நின்னு பாத்துட்டு வரச் சொல்லிருக்கேன்.

இன்னொரு எடத்துலயும் ஏமாறுவோம், மேப்புல. கொக்கிரகுளத்துப் பக்கம் சுலோசன முதலியார் பாலம் இருக்குல்லா, 1843-ல திறந்த பாலம், மேப்புல பாத்தா பாளையங்கோட்டை ரோடும் தாமிரபரணியும் அங்கன ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். நேர்ல போய் நின்னா ஆறு கீழ ஓடுது, ரோடு மேல போவுது. மேப்புங்கது எல்லாத்தையும் ஒரே தளத்துல நசுக்கி வச்ச படம், அதனால படத்துல வெட்டுனா நெசத்துலயும் வெட்டும்னு நம்பக்கூடாது. பரீட்சைப் பேப்பர்ல கனசதுரம் வரைஞ்சு குடுக்கும்போதும் இதே கதைதான், தாள்ல ரெண்டு கோடு குறுக்க போன மாதிரி தெரியும், நெசப் பெட்டியில ஒண்ணு முன்னால இருக்கும், ஒண்ணு பின்னால இருக்கும்.

சரி, எந்த வரிசையில கேக்கணும்னு சொல்லுதேன், இத மாத்தாதீங்க. ரெண்டு கோடு குடுத்தா முதல் கேள்வி, ரெண்டும் ஒரே போக்குல போவுதா? போனா ரெண்டுல ஒண்ணு, அது இணையா இருக்கும், இல்லாட்டி ரெண்டும் ஒரே கோடா ஒண்ணுமேல ஒண்ணு கெடக்கும். போகலன்னா ரெண்டாவது கேள்வி, எங்கயாவது சந்திக்குதா? சந்திச்சா வெட்டும் கோடுகள். சந்திக்கலன்னா, போக்கும் வேற சந்திப்பும் இல்லன்னா, ஒரு தளம் அமையாதது. செங்குத்தான்னு கேக்கது கடைசிலதான் வரும், அது கோணத்தப் பத்துன கேள்வி. நெறைய பேரு இணை, செங்குத்து, ஸ்க்யூன்னு மூணு டப்பா வச்சு எல்லாத்தையும் அதுக்குள்ள போடப் பாக்காங்க, அங்கதான் குழப்பமே. 60 டிகிரியில வெட்டுத ரெண்டு கோடு இந்த மூணுல எதுவுமே இல்ல.

தாள்ல வரையத செட்ஸ்கொயர்ல இருந்து ஆரம்பிங்க. ஸ்கேல அசையாமப் புடிச்சுக்கிட்டு, செட்ஸ்கொயரோட ஒரு பக்கத்த ஸ்கேலோட ஒட்டி வச்சு, இன்னொரு பக்கத்துல கோடு போடுங்க, ஸ்கேல ஆட்டாம செட்ஸ்கொயர மட்டும் பைய நகத்தி மறுபடியும் கோடு போடுங்க. ரெண்டும் இணை. ஏன்னு கேளுங்க, கேக்கணும். ஸ்கேல்தான் குறுக்குவெட்டி, செட்ஸ்கொயரோட மூலை ரெண்டு எடத்துலயும் அதே கோணத்த உண்டாக்குது, ஒத்த கோணம் சமம்னா கோடு இணை. செங்கோண மூலைய ஸ்கேல்மேல ஒக்கார வச்சா ஸ்கேலுக்குச் செங்குத்தாவும் வந்துரும். இந்த செட்ஸ்கொயருக்கு பாடப்புத்தகத்துல மூலைமட்டம்னு பேரு, எங்க மாமா கொத்தனாரு, அவரு கையில இருக்க இரும்புச் சாமானுக்கும் மூலமட்டம்னுதான் பேரு, வேலையும் ஒண்ணுதான், மூலை 90 டிகிரி இருக்கான்னு பாக்கது.

மாமா வாணம் தோண்டதுக்கு முன்னால மூலை பிடிக்கத நான் சின்னதுலருந்து பாத்திருக்கேன், அந்த ஒரு வேலையில வடிவியல் மொத்தமும் இருக்கு. முளை அடிச்சு ரெண்டு நூல் இழுத்துக் கட்டுவாரு. ஒரு நூல்ல மூலையில இருந்து 3 அடிக்கு ஒரு குறி, இன்னொரு நூல்ல 4 அடிக்கு ஒரு குறி, ரெண்டு குறிக்கும் குறுக்க டேப்பு பிடிச்சா சரியா 5 அடி வரணும். வரலன்னா நூல நகத்தி நகத்தி 5-க்குக் கொண்டு வருவாரு. வந்துட்டா மூலை செங்கோணம். 9-உம் 16-உம் சேந்தா 25, பிதாகரஸ் தேற்றத்தோட மறுதலைன்னு நாம படிக்கோம்ல, அதுதான். பெரிய வீட்டுக்கு 3, 4, 5 பத்தாது, 6, 8, 10-ன்னு எடுப்பாரு, ஏன்னா சின்ன அளவுல ஒரு கால் இஞ்சு பிசகுனா 40 அடி தள்ளிப் போகும்போது அது பெரிய பிசகாயிரும். நாலு மூலையும் முடிஞ்ச பொறவு எதிரெதிர் மூலைக்கு மூலை குறுக்களவு பிடிப்பாரு, எதிர்ப் பக்கங்கள் சமமா இருந்து குறுக்களவும் ரெண்டும் சமம்னா அது செவ்வகம், ஒரு அரை இஞ்சு வித்தியாசம் வந்தாலும் திரும்ப ஆரம்பத்துல இருந்து. இத நீங்க வீட்லயே உங்க ரூம் மூலையில டேப்பு வச்சுப் பாக்கலாம், பாருங்க, எத்தன மூலை நெசமாவே 90-னு தெரியும்.

வயல்லயும் இது உண்டு. திருந்திய நெல் சாகுபடியில 25-க்கு 25 செமீன்னு கயிறோ மார்க்கரோ வச்சு சதுரமா நடுவாங்க, பொறவு கோனோவீடர நெடுக்கயும் குறுக்கயும் ஓட்டி களையெடுப்பாங்க. வரிசை இணையா இல்லாம ஓரத்துல நெருங்கிக்கிட்டே போச்சுன்னா கருவி நாத்தையே சாச்சுப்புடும்.

இனி கணக்குக்கு வருவோம், முதல்ல தாள்ல, அதாவது ஒரே தளத்துல. ஒவ்வொரு கோட்டுக்கும் சாய்வு பாருங்க, அதாவது ஒரு கட்டம் வலது போனா எத்தன கட்டம் மேல ஏறுதுன்னு. ஒய் = 2எக்ஸ் + 3, ஒய் = 2எக்ஸ் − 5, ரெண்டுக்கும் சாய்வு 2, கடைசி எண் வேற, அதனால இணை. ஆனா 2எக்ஸ் + 3ஒய் = 6, 4எக்ஸ் + 6ஒய் = 12-னு குடுத்தா அவசரப்பட்டு இணைன்னு எழுதிராதீங்க, ரெண்டாவத 2-ஆல வகுத்தா முதலாவதுதான் வரும், அது ரெண்டு கோடு இல்ல, ஒரே கோடு.

செங்குத்துக்கு சாய்வுகளைப் பெருக்குனா −1 வரணும்னு எல்லாருக்கும் தெரியும், ஏன்னு கேட்டா முக்காவாசிப் பேரு முழிப்பாங்க. கட்டம்போட்ட தாள் எடுங்க. ஒரு கட்டம் வலது, ரெண்டு கட்டம் மேல, இது சாய்வு 2. இப்ப தாளையே இடது பக்கமா 90 டிகிரி திருப்புங்க. வலது போனது மேல போவும், மேல போனது இடது போவும், ஆக ரெண்டு கட்டம் இடது, ஒரு கட்டம் மேல. சாய்வு 1-ஐ −2-ஆல வகுத்தது, −1/2. ரெண்டையும் பெருக்குங்க, −1. எண்கள் எடம் மாறுது, ஒண்ணோட குறி மாறுது, அவ்வளவுதான் அந்தச் சூத்திரம். ஒரு எச்சரிக்கை, நட்டுக்குத்தலா நிக்க கோட்டுக்குச் சாய்வே கெடையாது, அதுக்கும் படுக்கைக் கோட்டுக்கும் பெருக்கிப் பாக்க முடியாது, ஆனாலும் அது ரெண்டும் செங்குத்துதான். இத வச்சு ஒரு மார்க் கேள்வி கேப்பாங்க.

ரெண்டு இணைகோட்டுக்கு நடுவுல தூரம் எவ்வளவுன்னு கேட்டாலும் ஒரு பொறி இருக்கு. மேல சொன்ன +3, −5 கோடுகளுக்கு நடுவுல தூரம் 8-னு எழுதுதாங்க. 8-ங்கது நேர் மேலயும் கீழயும் அளந்தது, கோடு சாஞ்சு கெடக்கதால அது கூடுதலா வரும். தூரம்னா எப்பவும் செங்குத்தா அளக்கணும். ஒரு கட்டம் வலது, ரெண்டு கட்டம் மேல, 1 + 4 = 5, அதனால 8-ஐ √5-ஆல வகுக்கணும், ஏறக்குறைய 3.58. தண்டவாளத்துல பாருங்க, பிராட்கேஜுக்கு ரெண்டு தண்டவாளத்தோட உள்பக்க இடைவெளி 1676 மிமீ, டேப்ப நேரா பிடிச்சாத்தான் 1676, கொஞ்சம் சாச்சுப் பிடிச்சாலும் எண் கூடிரும்.

அடுத்தது முப்பரிமாணம், இங்கதான் முக்கியமா நிதானிக்கணும். ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு சங்கதி வேணும், எங்க இருந்து கிளம்புது, எந்தத் திசையில போவுது. முதல் கோடு (1, 2, 3)-ல கிளம்பி (1, 1, 1) திசையில போவுதுன்னு வைங்க. ரெண்டாவது (2, 1, 0)-ல கிளம்பி (1, 2, 3) திசையில போவுது.

திசைகள் இணையா? (1, 1, 1)-ஐ எந்த எண்ணால பெருக்குனாலும் (1, 2, 3) வராது, அதனால இணை இல்ல. சந்திக்குதா? முதல் கோட்டுல "ட" அடி, ரெண்டாவதுல "ச" அடி எடுத்து வச்சா ஒரே எடத்துக்கு வருமான்னு பாக்கணும், ஒரு அடின்னா திசையோட மூணு எண்ணையும் ஒரு தடவை கூட்டுதது. முதல் எண்ணுல 1 + ட = 2 + ச. ரெண்டாவது எண்ணுல 2 + ட = 1 + 2ச. இது ரெண்டையும் தீத்தா ச = 2, ட = 3. இதோட நிறுத்திட்டு சந்திக்குதுன்னு எழுதுத பிள்ளைங்க நெறைய, மூணாவது எண்ண சரிபாக்கவே இல்லையே! 3 + 3 = 6, 0 + 3×2 = 6, சரியா வருது. ஆக ரெண்டும் (4, 5, 6)-ல சந்திக்குது.

இப்ப ஒரே ஒரு எண்ண மாத்துதேன், ரெண்டாவது கோடு (2, 1, 0)-க்குப் பதிலா (2, 1, 1)-ல கிளம்புது. முதல் ரெண்டு சமன்பாடும் அப்படியே இருக்கும், ச = 2, ட = 3. மூணாவதுல இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 7. ஒத்து வரல. போக்கும் வேற, சந்திப்பும் இல்ல, ஒரு தளம் அமையாதது. தாள்ல மேல இருந்து பாத்தா ரெண்டும் வெட்டும், உயரத்துல 1 தள்ளி நிக்கும், சுலோசன முதலியார் பாலத்துக் கதைதான்.

இதுக்கு நடுவுல ரொம்பக் கிட்டத்துல உள்ள தூரம் எவ்வளவு? அந்த 1-ஆ? இல்ல. அந்த 1 நட்டுக்குத்தலா அளந்தது. மிகக் குறைஞ்ச தூரம்ங்கது ரெண்டு கோட்டுக்குமே செங்குத்தா நிக்கிற ஒரு மூணாவது கோட்டு வழியா அளக்கது. அந்த மூணாவது திசைய வெக்டர் பெருக்கல் குடுக்கும், (1, 1, 1)-க்கும் (1, 2, 3)-க்கும் அது (1, −2, 1). நம்பாட்டி சரிபாருங்க, 1 − 2 + 1 = 0, 1 − 4 + 3 = 0. கிளம்புத புள்ளிகளோட வித்தியாசம் (1, −1, −2), அதையும் (1, −2, 1)-ஐயும் எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டுனா 1 + 2 − 2 = 1. இத அந்த மூணாவது திசையோட நீளத்தால, அதாவது 1 + 4 + 1 = 6, √6-ஆல வகுத்தா தூரம் ஏறக்குறைய 0.41. முதல்ல பாத்த சந்திக்கிற ஜோடிக்கு இதையே போடுங்க, வித்தியாசம் (1, −1, −3), 1 + 2 − 3 = 0, தூரம் பூஜ்யம். சந்திக்குதுன்னா தூரம் பூஜ்யமாத்தான இருக்கணும், எனக்கு இந்த எடம் ஒவ்வொரு தடவை நடத்தும்போதும் சந்தோசமா இருக்கும்.

இது எதுக்குன்னு கேட்டா, ராதாபுரம் பணகுடிப் பக்கம் காத்தாலைங்க வரிசையா நிக்குல்லா, அங்கன ஒரு உயர் அழுத்த லைனு இன்னொரு லைனுக்கு மேல குறுக்க போறதப் பாத்திருப்பீங்க. அந்த ரெண்டு கம்பிக்கும் நடுவுல மிகக் குறைஞ்ச இடைவெளி எவ்வளவுங்கது உயிர் சம்பந்தப்பட்ட விசயம். கம்பி கொஞ்சம் தொய்ஞ்சுதான் தொங்கும், நெசக் கணக்குல அதையும் சேக்கணும், ஆனா அடிப்படை இதுதான்.

செங்குத்துக்கு இங்க விதி லேசு, திசை ரெண்டையும் எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டுனா 0 வரணும். (1, 2, −1), (3, −1, 1) பாருங்க, 3 − 2 − 1 = 0, செங்குத்து. ஆனா அந்தக் கோடுகள் சந்திக்குதான்னு இது சொல்லாது. சந்திக்காமலே செங்குத்தா இருக்கலாம். தீப்பெட்டியில அந்த 4 ஸ்க்யூ விளிம்பும் நீங்க குறிச்சதுக்கு 90 டிகிரிதான். பத்தமடைப் பாய கையில எடுத்தாலும் தெரியும், பாவு நூலு நெடுக்க, கோரை குறுக்க, 90 டிகிரி, ஆனா ஒண்ணு இன்னொண்ணுக்கு மேலயும் கீழயுமாப் போவுதே தவிர ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகல. ஸ்கூல்ல கீழ்க்கிளாஸ்ல "வெட்டிக்கிட்டு 90 டிகிரி"ன்னாத்தான் செங்குத்து, வெக்டர்ல திசைய மட்டும் பாத்துச் செங்குத்துன்னு சொல்லுவாங்க, எந்தப் பாடத்துல நிக்கோம்னு பாத்து எழுதுங்க.

இன்னொண்ணு, இதுல நானே படிக்கும்போது மார்க் விட்டிருக்கேன். ஒரே கோட்டுக்குச் செங்குத்தா ரெண்டு கோடு இருந்தா அது ரெண்டும் இணைன்னு படிச்சிருப்பீங்க, அது தாள்ல மட்டும்தான் உண்மை. ரூம் மூலையில போய் நில்லுங்க, சுவர் ரெண்டும் சேருத நட்டு விளிம்புக்குச் செங்குத்தா தரையில ரெண்டு விளிம்பு ஓடுது, அது ரெண்டும் இணையா என்ன? ஒண்ணு கிழக்க போவுது, ஒண்ணு தெக்க போவுது. ஆனா ஒரே தளத்துக்குச் செங்குத்தா ரெண்டு கோடு இருந்தா அது கண்டிப்பா இணைதான், தரையில நிக்கிற ரெண்டு தூணு மாதிரி. கோட்டுக்கா தளத்துக்கான்னு கேள்வியில ஒரு வார்த்தைதான் மாறும், அத வாசிக்கணும்.

ஒரு பயிற்சி குடுக்கேன். தீப்பெட்டிய மறுபடி எடுங்க. 12 விளிம்புல ரெண்டு ரெண்டா ஜோடி சேத்தா மொத்தம் 66 ஜோடி. அதுல எத்தன இணை, எத்தன வெட்டிக்கிடுது, எத்தன ஸ்க்யூன்னு எண்ணுங்க. 18, 24, 24-னு வரணும். ஒரு விளிம்புக்கு 3-னு எண்ணி 12-ஆல பெருக்குனா 36 வரும், ஒவ்வொரு ஜோடியையும் ரெண்டு தடவை எண்ணிருப்பீங்க, பாதியாக்கிருங்க. கூட்டுனா 66 வரலன்னா மூலைக்கு மூலை எதிர்ல இருக்க விளிம்புகள ஒருக்கா தொட்டுப் பாருங்க, இணையில அந்த ஒண்ணத்தான் எல்லாரும் விட்டுருவாங்க.